மழலையர் ஒப்பனை: விளையாட்டும் வினையும்

முன்னுரை

தாயின் ஒப்பனைப் பெட்டியைத் திறந்து, உதட்டுச் சாயத்தைக் கன்னத்திலும் கண்மையை நெற்றியிலும் பூசிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று தன்னையே வியந்து நோக்கும் குழந்தையைக் காணாத இல்லம் அரிது. அக்காட்சியைக் கண்டு சிலர் நகைப்பர். சிலர் படம் எடுத்து உறவினர்க்கு அனுப்பி மகிழ்வர். சிலர் கடிந்து கையில் அடிப்பர். சிறு குழந்தைகள் ஒப்பனைப் பொருள்களை வைத்து விளையாடலாமா, கூடாதா என்னும் வினாவிற்கு இம்மூவகையினரும் மூன்று வகையாக விடை கூறுவர். இவ்வினாவைச் சற்றே விரிவாக ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு நாம் வாழும் தாம்பரமும் அதனைச் சூழ்ந்த குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம் முதலிய பகுதிகளும் பொருத்தமான களமாகும். 1931ஆம் ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கிய நாள் முதலாகவே வெளியூர்க் குடும்பங்கள் இப்பகுதியில் வந்து குடியேறி வருகின்றன. 2021ஆம் ஆண்டில் தாம்பரம் தனி மாநகராட்சியும் ஆகிவிட்டது. இக்குடியேற்றத்தால் விளைந்த மாற்றங்களுள் ஒன்று நம் பொருளோடு தொடர்புடையது. வீட்டிலேயே மை கூட்டத் தெரிந்த பாட்டி ஊரில் இருக்கிறார். பேத்தி தாம்பரத்து அடுக்ககத்தில் வளர்கிறாள். பாட்டி கூட்டிய மைக்கு மாற்றாக, சண்முகம் சாலைக் கடைத்தெருவில் வாங்கிய குப்பி வந்துவிட்டது. குப்பியில் இருப்பது யாது என்று கேட்கும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

குழந்தை தானாக ஆடும் ஒப்பனை விளையாட்டைக் காட்டிலும், பெரியோர் குழந்தைக்குச் செய்யும் ஒப்பனையே மிகுதியாக ஆராயத்தக்கது என்பது நம் கருத்து. இதனைச் சொல், இலக்கியம், அறிவியல், சமுதாயம் என்னும் நான்கு நிலைகளில் நின்று காண்போம்.

சொற்கள் உரைக்கும் செய்தி

ஒப்பனை என்னும் சொல்லிற்கு அலங்காரம் என்னும் பொருளோடு ஒப்புமை என்னும் பொருளும் உண்டு. குழந்தையின் செயலை விளக்க இவ்விரண்டாம் பொருளே பெரிதும் துணைசெய்கிறது. நான்கு வயதுச் சிறுமி உதட்டுச் சாயம் பூசுவது அழகு பெறுதற்கு அன்று. தாயை ஒப்பதற்கே ஆகும். தாய் அலுவலகம் புறப்படும் முன் செய்வனவற்றையெல்லாம் தானும் செய்துபார்க்கிறாள். நாளை அவளே தந்தையின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பாள். இரண்டு செயல்களும் ஒரே தன்மையன.

மற்றுஞ் சில சொற்கள் வேறொரு செய்தியைக் கூறுகின்றன. கூத்தரும் நாடக நடிகரும் முகத்தில் பூசும் பூச்சினை அரிதாரம் என்பது தமிழ் வழக்கு. அரிதாரம் என்பது உண்மையில் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் நிறக் கனிமத்தின் பெயராகும். சித்த மருத்துவ நூல்கள் அதனைப் பாடாணங்களுள் ஒன்றாக வைத்து எண்ணுகின்றன. பாடாணம் என்றால் நஞ்சு. நஞ்சின் பெயரே நாளடைவில் ஒப்பனையின் பெயராக நின்றுவிட்டது. சிந்தூரம் என்னும் சொல்லும் செந்நிற ஈயப்பொடியைக் குறிப்பதுண்டு. அஞ்சனம் என்பது கண்ணுக்கு இடும் மையையும், அம்மைக்குரிய கருங்கனிமத்தையும் ஒருங்கே குறிப்பது. நிறம் தரும் பொருள்களுள் பல மண்ணிலிருந்து தோண்டியெடுத்த உலோகக் கலவைகள் என்பதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு இச்சொற்களே சான்று. அவற்றைச் சொல்லாக மட்டும் பெற்றுக்கொண்ட நாம் பொருளை மறந்துவிட்டோம்.

இலக்கியத்தில் குழந்தையும் அணியும்

தமிழிலக்கியம் குழந்தையை அணிசெய்து பார்ப்பதில் பெருமகிழ்ச்சி கொள்வது. சிறுவர் அணிந்த ஐம்படைத் தாலியைப் புறநானூறு பேசுகிறது. பெரியாழ்வார் கண்ணனை நீராட்டுதற்கும், அவனுக்குப் பூச்சூட்டுதற்கும், கண்ணேறு படாமல் காப்பிடுதற்கும் தனித்தனியே பதிகங்கள் பாடியுள்ளார். இவற்றிலெல்லாம் அணிசெய்பவர் தாய், அணிசெய்யப்பெறுவது குழந்தை.

குழந்தை தானாக ஆடும் விளையாட்டுகள் வேறாக உள்ளன. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கிறது. அவற்றுள் இறுதி மூன்றும் ஆண்பாற்கும் பெண்பாற்கும் வேறுபடும். சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற்பிள்ளைத்தமிழுக்கு உரியன. கழங்கு, அம்மானை, ஊசல் முதலியன பெண்பாற்பிள்ளைத்தமிழுக்கு உரியன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு பிள்ளைத்தமிழ் யாத்த இஸ்லாமியப் புலவர்களும் இம்மரபினைப் போற்றியுள்ளனர். இப்பருவங்களுள் ஒப்பனைக்கென ஒரு பருவம் இல்லை என்பது கருதத்தக்கது. மணல், பறை, தேர், காய், ஊஞ்சல் என்பனவே விளையாட்டுப் பொருள்கள். கண்ணாடியும் சாந்தும் அல்ல. பட்டினப்பாலை காட்டும் சிறுவர்க்கும் விளையாட்டுப் பொருள் முக்காற் சிறுதேரே ஆகும்.

எனினும் அணிசெய்யும் ஆசை சிறுமியர்க்கு இல்லாமல் இல்லை. புறநானூற்றின் பதினோராம் பாடலில் வஞ்சி நகரத்து இளமகளிர் பொருநை ஆற்று மணலில் பாவை செய்து, அப்பாவைக்கு மரக்கிளையிலிருந்து கொய்த பூவைச் சூட்டுகின்றனர். அவர்களுடைய ஒப்பனை விளையாட்டு தம் முகத்தின்மேல் நிகழவில்லை, பாவையின்மேல் நிகழ்கிறது. அழகு செய்யும் இன்பம் அவர்க்கு உண்டு. அழகாக இருக்க வேண்டும் என்னும் கவலை இல்லை. இவ்வேறுபாட்டினை நினைவிற்கொண்டு மேற்செல்வோம்.

விளையாட்டின் இயல்பு

உவகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டினைத் தொல்காப்பியர் வைத்தார். குழந்தை உளவியலில் முன்னோடியான பியாஜே, ஏறத்தாழ இரண்டு வயதிலிருந்து ஏழு வயது வரையிலான காலத்தில் பாவனை விளையாட்டுச் சிறந்து விளங்குவதை எடுத்துக்காட்டினார். ஒரு பொருளை மற்றொரு பொருளாகக் கருதவும், தன்னை மற்றொருவராகக் கற்பனை செய்யவும் குழந்தை கற்பது இவ்விளையாட்டின் வாயிலாகவே ஆகும். மொழியும் கற்பனையும் இதனோடு சேர்ந்து வளர்கின்றன.

ஆதலின் முகத்தில் சாயம் பூசிக்கொண்ட குழந்தையை ஒழுக்கக் கேடு செய்ததுபோல் கடிவது முறையன்று. சிறுவன் ஒருவன் சகோதரியோடு சேர்ந்து பொட்டு வைத்துக்கொண்டால் அதனையும் இழிவாகக் கருத வேண்டுவதில்லை. ஆண்குழந்தைக்குச் சடை பின்னிப் பூ வைத்துப் பாவாடை உடுத்தி ஒளிப்படம் எடுத்து வைப்பது நம் குடும்பங்கள் பலவற்றில் நெடுநாள் வழக்கம் அல்லவா? பெரியோர் தம் மகிழ்ச்சிக்காகச் செய்ததைச் சிறுவன் தன் மகிழ்ச்சிக்காகச் செய்கிறான்.

விளையாட்டில் குற்றமில்லை எனின், குற்றம் எங்கே உள்ளது? முதலாவது பொருளில் உள்ளது. இரண்டாவது நம் பார்வையில் உள்ளது. இவற்றை முறையே காண்போம்.

கண்ணுக்கு இடும் மை

நம் குழந்தை முதன்முதலாக ஒப்பனை பெறுவது பிறந்த சில நாள்களுக்குள்ளேயே ஆகும். கண்ணேறு கழிக்கக் கன்னத்தில் ஒரு கரும்பொட்டு. கண் பெரிதாக வேண்டுமென்று இமையினுள் ஒரு தீற்று மை. சமயம் எதுவாயினும் இவ்வழக்கம் பொதுவாக உள்ளது. முஸ்லிம் இல்லங்களில் சுர்மா இடுவதும் உண்டு.

பழைய முறையில் கூட்டிய மை பெரும்பாலும் கரியே ஆகும். கரிசலாங்கண்ணி அல்லது பொன்னாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்துத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த தட்டில் படியும் புகைக்கரியைச் சுரண்டி எண்ணெயில் குழைப்பர். பொட்டுக்கு வேண்டிய சாந்தினை ஜவ்வரிசியைக் கருக வறுத்து நீர்விட்டுக் காய்ச்சிக் கொட்டாங்குச்சியில் ஊற்றி உலரவைத்துப் பெறுவர். வசம்பைச் சுட்டு உரைத்த கரியையும் பொட்டாக வைப்பதுண்டு. இவற்றில் ஈயம் சேர்தற்கு இடமில்லை. ஆயினும் இவற்றையும் கண்ணின் உள்ளே இடலாகாது என்றே குழந்தை மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். மை இடும் விரலின் அழுக்கும் கிருமியும் கண்ணில் சென்று நோய் உண்டாக்கும். கண்ணீர்க் குழாய் அடைபடவும் கூடும். மையினால் கண் பெரிதாகும் என்பதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை.

கடையில் பெயர்ச்சீட்டு இன்றிக் கிடைக்கும் மையும் சுர்மாவும் இவற்றின் வேறானவை. ஹதீஸ் நூல்கள் சிறப்பித்துக் கூறும் இஸ்மித் என்பது அஞ்சனக்கல், அஃதாவது ஆன்டிமனி என்னும் தனிமத்தின் கனிமம் என்று அகராதிகள் பொருள் கூறும். ஆனால் இன்று பல நாடுகளின் கடைகளில் சுர்மா என்றும் கோல் என்றும் விற்கப்படுவனவற்றைச் சோதித்தபோது, அவற்றுள் பலவும் ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா என்னும் கனிமமாக இருக்கக் காணப்பட்டன. சிலவற்றின் எடையில் பாதிக்குமேல் ஈய சல்ஃபைடாக இருந்ததை அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் எடுத்துக்காட்டியுள்ளது. அந்நாட்டில் கோல் விற்பனைக்கு அனுமதி இல்லை. கலீனாவும் அஞ்சனக்கல்லும் பார்வைக்கு ஒன்றுபோல் கருமையாக மின்னுவன. பெயர் ஒன்று, பொருள் மற்றொன்று ஆகிவிட்ட இந்நிலையைச் சமுதாயப் பெரியோர் சிறப்பாகக் கருத வேண்டும். பழைய பெயரைத் தாங்கி வருவதனாலேயே ஒரு குப்பி பழைய பொருளாகிவிடாது.

ஒரு நிகழ்ச்சி இதனை விளக்கும். 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆறு மாத ஆண்குழந்தை ஒன்றின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்தது. காரணம் தேடியபோது, நைஜீரியாவிலிருந்து கொண்டுவந்த டீரோ என்னும் கண்மையைப் பெற்றோர் குழந்தைக்கு இட்டுவந்தது தெரிந்தது. அம்மையின் எடையில் ஐந்தில் நான்கு பங்கிற்குமேல் ஈயம் இருந்தது. நம் நாட்டின் விதிப்படி ஒப்பனைப் பொருள்களுக்குரிய நிறமிகளில் ஈயம் பத்து இலட்சம் பங்கில் 20 பங்கிற்கு மேற்படலாகாது. இவ்விரு அளவுகளையும் ஒப்பிட்டு நோக்குவார்க்கு இடையிலுள்ள தொலைவு விளங்கும். அப்பெற்றோர் அன்பில்லாதவர் அல்லர். அன்பினாலேயே அவ்வாறு செய்தனர்.

கண்ணில் இட்ட மை உடலினுள் எவ்வாறு செல்லும் என்று ஐயுறுவோர் உளர். குழந்தை கண்ணைக் கசக்குகிறது. அவ்விரலை வாயில் வைக்கிறது. கண்ணிலிருந்து மூக்கிற்கும் தொண்டைக்கும் செல்லும் குழாய் வழியாகவும் மை இறங்குகிறது. உண்ட ஈயத்தில் பெரியோர் உடல் ஏற்பதைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு மிகுதியாகக் குழந்தையின் உடல் ஏற்கிறது என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தைக்கு இவ்வளவு இன்னும் கூடும். ஈயம் மூளையின் வளர்ச்சியைத் தாக்குவது. கற்கும் திறன், கவனம், நடத்தை ஆகியவற்றை அது குறைவான அளவிலேயே பாதிக்கிறது. தீங்கற்ற அளவு என்று ஈயத்திற்கு ஓரளவு இல்லை.

இச்செய்தி நம் ஊருக்குத் தொலைவானது அன்று. நமக்கு அண்மையிலுள்ள போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் அறிஞரும் அமெரிக்க அறிஞரும் இணைந்து சென்னைப் பள்ளிக் குழந்தைகளிடம் நிகழ்த்திய ஆய்வு 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூன்று வயது முதல் ஏழு வயது வரையிலான 756 குழந்தைகளின் இரத்தம் சோதிக்கப்பெற்றது. சராசரியாக ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. ஈயம் மிகுந்த குழந்தைகளிடம் பதற்றமும் கவனக்குறைவும் மிகுந்திருந்ததை ஆசிரியர்களின் மதிப்பீடுகள் காட்டின. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் நிறுத்தப்பட்ட பின்னரும் இந்நிலை இருந்தது. அவ்வாய்வு கண்மையைக் காரணமாகச் சுட்டுவதன்று. ஈயம் வரும் வழிகள் பல. ஆனால் பல வழிகளில் ஈயம் புகும் நகரத்துக் குழந்தைக்கு நாமே நம் விரலால் மற்றொரு வழியையும் திறந்துவிடுவது அறிவுடைமை ஆகாது.

கையில் இடும் மருதாணி

மருதாணி பெருநாளுக்கும் திருமணத்திற்கும் உரிய மகிழ்ச்சி. சிறுமியர் கை நிறைய மருதாணி இட்டுக்கொண்டு, கை சிவந்திருக்கிறதா என்று விடியற்காலையில் எழுந்து பார்க்கும் இன்பத்தை எவரும் பறிக்க விரும்பார். மருதாணி இலையிலுள்ள லாசோன் என்னும் நிறப்பொருள் தோலில் மெல்ல ஊறிப் பிடிப்பது. அதன் நிறம் செம்மஞ்சளில் தொடங்கிப் பழுப்பாக முதிரும். அதற்கு ஓரிரவு வேண்டும்.

சில நிமிடங்களில் கன்னங்கரேலெனப் பிடிக்கும் கருப்பு மருதாணிக் கூம்பு இதனின் வேறானது. அக்கருமைக்குக் காரணம் பெரும்பாலும் பாராபினைலின்டையமின் என்னும் முடிச்சாய வேதிப்பொருளாகும். தலைமுடிக்கு வரையறுத்த அளவில் இசைவளிக்கப்பெற்ற அப்பொருளைத் தோலில் நேராகப் பூசுவது தகாது. அது பட்ட இடம் கொப்புளமாகிக் கோலத்தின் வடிவிலேயே தழும்பு நிற்பதுண்டு. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்ட உடல் அதனை வாழ்நாள் முழுதும் மறப்பதில்லை. சிறுமியாக இருந்தபோது கையில் பட்ட சாயத்தின் பயனைப் பல ஆண்டுகள் கழித்து முடிச்சாயம் இடும்போது அவள் துய்க்க நேரும்.

இயற்கை மருதாணியையும் கைக்குழந்தைகட்கு இடுதல் கூடாது. ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்கு மருதாணியினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அக்குறைபாடு உண்டா இல்லையா என்பதைப் பெற்றோர் பலர் அறியார். ஆதலின் குழந்தை ஓடியாடும் வயது வரும்வரை பொறுத்திருப்பது நலம்.

முகத்தில் பூசும் பவுடர்

பவுடரை ஒப்பனைப் பொருள் என்றே நாம் எண்ணுவதில்லை. குளிப்பாட்டியதும் குழந்தையின் முகம், கழுத்து, அக்குள் எங்கும் வெண்மையாகப் பூசிவிடுவது தாயின் கடமை என்றே கருதப்படுகிறது. பவுடரின் முதன்மைப் பொருள் டால்க் என்னும் கனிமப்பொடி. நுண்ணிய அப்பொடியைக் குழந்தை மூச்சுடன் இழுத்தால் நுரையீரல் தாக்குறும். டால்க் கிடைக்கும் மண்ணிலேயே ஆஸ்பெஸ்டாஸ் என்னும் நார்க்கனிமமும் சேர்ந்து கிடைக்கக்கூடும் என்பது மற்றோர் இடர்.

2019ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் சிறுமியரும் இளம்பெண்களும் மிகுதியாக வாங்கும் கிளேர்ஸ் என்னும் கடைத்தொடரின் ஒப்பனைப் பொருள்கள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததை உறுதிசெய்தது. ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் டால்க் கலந்த குழந்தைப் பவுடர் விற்பனையை 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் நிறுத்திச் சோளமாவுப் பொடிக்கு மாறியது. 2024ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, டால்க்கினைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது எனக் கருதத்தக்க பொருள்களின் வரிசையில் சேர்த்தது. பவுடர் பூசிய குழந்தைகள் அனைவர்க்கும் நோய் வரும் என்பது இதன் பொருளன்று. குழந்தையின் தோலுக்குப் பவுடர் வேண்டும் என்பதற்கு மருத்துவக் காரணம் இல்லாதபோது, சிறு இடரையும் ஏன் ஏற்க வேண்டும் என்பதே கேள்வி.

நிற வேட்கை

இனிச் சமுதாய நிலையைக் காண்போம். பவுடரைக் குழந்தையின் முகத்தில் அத்துணைத் தடிப்பாக ஏன் பூசுகிறோம்? வியர்வையை உறிஞ்சுதற்கு எனின் முகத்திற்கு வேண்டுவதில்லை. வெண்மையாகத் தோன்ற வேண்டும் என்னும் விருப்பமே அங்கு உள்ளுறையாக நிற்கிறது. 1975ஆம் ஆண்டில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்டு லவ்லி என்னும் களிம்பு, 2020ஆம் ஆண்டில் தன் பெயரிலிருந்த நிறத்தைக் குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டது. பெயர் மாறியது, நம் வீட்டுப் பேச்சு மாறவில்லை. பிறந்த குழந்தையைப் பார்க்க வருவோர் நலம் கேட்கும் முன்னர் நிறம் கேட்கின்றனர்.

இவ்வேட்கையின் விலை சிறிதன்று. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயுற்று வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அவர்களுள் 13 பேர் நிற வெளுப்புக் களிம்பு பூசியவர் எனக் கண்டனர். அத்தகைய களிம்புகளில் சேரும் பாதரசமே ஐயத்திற்கு உரியதாயிற்று. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் அது சேர்ந்த ஒப்பனைப் பொருள்களை 2025ஆம் ஆண்டுக்குள் ஒழிக்க 2023ஆம் ஆண்டில் முடிவு செய்தன.

உடலுக்கு வரும் கேடு மருந்தால் தீரலாம். ஐந்து வயதில் 'இன்னும் கொஞ்சம் பூசினால்தான் மேடையில் எடுபடுவாய்' என்று கேட்ட சொல் எளிதில் தீர்வதன்று. பள்ளி ஆண்டு விழாவில் மூன்று நிமிட ஆடலுக்காகக் குழந்தைகளை மாலை நான்கு மணிக்கே வரிசையில் நிறுத்தி, ஒரே தூரிகையாலும் ஒரே உதட்டுச் சாயத்தாலும் அனைவர்க்கும் பூசுவதைப் புறநகர்ப் பள்ளிகள் பலவற்றில் காண்கிறோம். ஒரு குழந்தையின் கண்ணோய் மற்றொரு குழந்தைக்குச் செல்ல இதனினும் எளிய வழி இல்லை. கருநிறக் குழந்தையின் முகத்தில் மட்டும் கூடுதலாக ஒரு பூச்சு ஏறுவதையும் காண்கிறோம். அக்குழந்தை அதனைக் கவனிக்காமல் இருப்பதில்லை. திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றில் பங்கேற்கும் குழந்தைகள் பற்றித் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஆறு வயதிற்கு உட்பட்டோரை எரிச்சலூட்டும் ஒப்பனைப் பொருள்களுக்கு உள்ளாக்கலாகாது என்கின்றன. படப்பிடிப்புத் தளத்தில் குழந்தைக்கு உள்ள இக்காப்பு பள்ளி மேடையிலும் இருத்தல் வேண்டும்.

கண்ணாடி முன் தானே பூசிக்கொண்ட குழந்தை, விளையாட்டு முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த விளையாட்டிற்கு ஓடிவிடுகிறது. நாம் பூசிவிட்ட குழந்தையோ தன் முகம் போதாது என்று கற்றுக்கொள்கிறது. முன்னது விளையாட்டு, பின்னது வினை.

செய்யத் தக்கன

மேற்கூறியவற்றின் அடிப்படையில் பெற்றோரும் ஆசிரியரும் பின்பற்றத்தக்க நெறிகள் சிலவற்றை ஈண்டுத் தொகுத்துரைப்போம்.

1. கைக்குழந்தையின் கண்ணினுள் எம்மையும் இடலாகாது. கண்ணேறு கழிக்கப் பொட்டு வேண்டுமெனின், வீட்டில் செய்த சாந்தினைக் காதோரத்திலோ உள்ளங்காலிலோ வைக்கலாம்.

2. பெயர்ச்சீட்டு இல்லாத சுர்மாவையும் மையையும் வீட்டினுள் கொணர்தல் வேண்டா. சுர்மா இடும் பெரியோர் கையைக் கழுவிய பின்னரே குழந்தையைத் தொடுதல் நலம். முன்பே நெடுநாள் இட்டுவந்த குழந்தைக்கு இரத்த ஈயச் சோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டறியலாம். மரபு முறை மை பற்றிய ஐயங்களைத் தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கிவரும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்து மருத்துவரிடம் கேட்கலாம்.

3. மருதாணியை இலையாக அரைத்து இடுவதே சிறந்தது. கருப்பு மருதாணியை எவ்வயதினர்க்கும் விலக்குக.

4. பவுடரைக் குழந்தையின் முகத்தருகே தட்டுதலும், பவுடர் டப்பாவை விளையாடக் கொடுத்தலும் கூடா.

5. ஒப்பனைப் பொருளாயின் உற்பத்தி உரிம எண், சேர்பொருள் பட்டியல், காலாவதி நாள் ஆகியவை அச்சாகியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். விளையாட்டுப் பொருளாயின் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருத்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டு சனவரி முதல் இது சட்டப்படி கட்டாயமாகும். இரண்டும் இல்லாத மேக்கப் செட்டினை மலிவு கருதி வாங்கலாகாது.

6. தாயின் ஒப்பனைப் பெட்டி குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். நகச்சாயமும் அதனை அழிக்கும் நீர்மமும் குழந்தை விழுங்கினால் பெருந்தீங்கு விளைப்பன.

7. ஒப்பனை விளையாட்டினை மறுக்க வேண்டா, பொருளை மாற்றுக. குழைத்த மஞ்சள், பீட்ரூட் சாறு, பூ, வண்ணத்தாள், பழைய புடவைத் துண்டு, ஒரு பொம்மை ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். வஞ்சி நகரத்து இளமகளிர் பாவைக்குப் பூச்சூட்டியதுபோல் நம் குழந்தைகளும் பொம்மையை அணிசெய்து மகிழ்வர்.

8. பள்ளி விழாக்களில் உடையும் பூவும் போதும் என்று தலைமையாசிரியர்கள் முன்கூட்டியே அறிவிக்கலாம். தவிர்க்க இயலாவிடின் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் தூரிகை வேண்டும். விழா முடிந்ததும் முகத்தைக் கழுவச் செய்தல் வேண்டும்.

9. குழந்தையின் நிறம் பற்றி அதன் காதுபடப் பேசாதிருத்தல் எல்லாவற்றினும் முதன்மையானது.

முடிவுரை

சிறு குழந்தைகள் ஒப்பனைப் பொருள்களை வைத்து விளையாடலாமா என்னும் வினாவிற்கு, விளையாட்டு இயல்பானது, பொருள்தான் தீயது என விடை கூறலாம். பூவும் மஞ்சளும் குழைத்து விளையாடுவதில் தீங்கில்லை. ஈயமும் பாதரசமும் நச்சுச் சாயமும் சேர்ந்த பொருள் விளையாட்டாக வந்தாலும், வழக்கமாக வந்தாலும், அன்பாக வந்தாலும் விலக்கத்தக்கதே ஆகும். குழந்தைக்குப் பொருளின் தன்மை தெரியாது. தெரிந்துகொள்ளும் கடமை நம்முடையது. மாணவர்கள் இச்செய்தியைத் தம் வீட்டு மூத்தோரிடம் பணிவோடு எடுத்துக் கூறலாம். மூத்தோர் தாம் அறிந்த மை கூட்டும் முறையையும் சாந்து காய்ச்சும் முறையையும் இளையோர்க்குக் கற்பிக்கலாம். குழந்தை நம்மிடம் ஒப்படைக்கப்பெற்ற அமானிதம். எதிர்வரும் பெருநாளுக்குக் குழந்தையின் கையில் அரைத்த மருதாணியை மட்டும் இட்டு, அதன் முகத்தை இறைவன் தந்தவாறே விட்டுவைப்போம்.